அடுப்புக்கரியில் பஸ் விட்ட சுந்தரம் அய்யங்கார்

டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தில் முதல் எழுத்து ஓர் ஊரின் பெயர். திருக்குறுங்குடிதான் அந்த ஊர். தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமையில், மலை அடிவாரத்தில், நம்பி கோவிலால் புகழ் பெற்றது. சுந்தரம் அய்யங்கார் அங்கே 1877-ம் ஆண்டு பிறந்தார்.

வக்கீலாக இருந்தார். ரெயில்வேயில் வேலை பார்த்தார். பாங்கியிலும் இருந்தார். எதிலும் நிலைக்கவில்லை. 1912-ல் பஸ் தொழிலில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 35. ஊரெல்லாம் மாட்டு வண்டி ஓடிய காலம் அது!

மாட்டு லாடத்தின் ஆணிகள் சாலையில் உதிர்ந்து கிடக்கும். டயரில் குத்தினால் பஸ் நின்றுவிடும். அதனால் காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் அனுப்பி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று மதுரைப் பக்கத்தில் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டவர்களும் உண்டாம்.

அந்தப் பெயருக்கு இரண்டாவது உலக யுத்தத்தில் சோதனை வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசம் போயிற்று. அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்களை நிறுத்திவிட்டால் ஜனங்கள் எப்படிப் போவார்கள்? தொழிலாளர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?

பெட்ரோல் இல்லாமலே பஸ்ஸை ஓட்ட, டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற கரிவாயுக் கருவியை அய்யங்கார் தயாரித்தார்.

அந்தக் காலத்தில் சமையலுக்கு ஊதினார்களே, அந்த அடுப்புக்கரிதான் இதற்கும்! பஸ்ஸோடு ஓர் உலை இருக்கும். அதில் கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரித்தால் ஒரு வாயு உண்டாகும். அதன் சூட்டைத் தணித்து, சாம்பலை வடிகட்டி, என்ஜினுக்குள் விட வேண்டும். புறப்படும் முன்பே உலையை மூட்டிக் காத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு குறையும் உண்டு. என்ஜினின் பலத்தை அளக்க டைனமோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. பழைய பந்தயக் காரைக்கூட அதன் உருளைகள்மேல் ஓடவிட்டு, இத்தனை குதிரை சக்தி என்று சொல்லிவிடுவார்கள். பெட்ரோல் என்ஜினைக் கரிவாயுவில் ஓட்டினால் அந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்; சில சமயம் பாதியே போய்விடும். மேடு வந்தால், கருவி இல்லாமலே பிரயாணிகளுக்கு அது தெரிந்துவிடும்! ஆனாலும் பஸ் ஓடியது.

தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையையும் அவர் ஏற்படுத்தினார். இளம் வயதில் கணவரை இழந்த அவருடைய மகள் சௌந்தரம் டாக்டருக்குப் படித்துத் தேறினார். பிற்காலத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர் இவரே.

கடைசிக் காலத்தில் அய்யங்கார் கோடைக்கானலில் ஓய்வாக இருந்தார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி காலை, தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 78.