நோயறிந்த மாமேதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

இல்லத்தில் ஒருவர் உண்ண மறுக்கிறார், உறக்கம் இழக்கிறார், பேச்சொழிந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈமான் குறைந்துவிட்டது என்பர் சிலர். ஜின் தீண்டிவிட்டது என்பர் வேறு சிலர். ஊர் அறிந்தால் குடும்பத்தின் பெயர் கெடும் என்று கதவடைப்போரும் உளர். இத்துயரில் சிக்கிய வீட்டார் பலர் முதலில் நாடிச் செல்வது ஓர் ஆலிமைத்தான். அவ்வாறாயின், தாமே அத்தகைய நிலைக்கு ஆளாகி மீண்ட பேராலிம் ஒருவரின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நலமன்றோ?

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் இமாம் அபூஹாமித் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 450 (கி.பி. 1058)-ஆம் ஆண்டில் குராஸான் பகுதியிலுள்ள தூஸ் நகரில் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூற்று வாழ்ந்த எளியவர் என்பர் வரலாற்றாசிரியர். இளமையிலேயே தந்தையை இழந்த அன்னார், நிஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பயின்று புகழ் பெற்றார்கள். 1091-இல் ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க், பக்தாதின் நிஜாமிய்யாக் கல்லூரித் தலைமையை அவர்களிடம் ஒப்படைத்தார். அங்கே முந்நூறு மாணவர்கள் அவர்களின் பாடம் கேட்டனர்.

புகழின் உச்சியில் நின்ற அப்பெருமகனாரின் உள்ளத்தில் ஒரு போராட்டம் மூண்டது. தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பேருக்கும் பதவிக்குமாகவா என்ற கேள்வி அவர்களை வாட்டியது. ஹிஜ்ரி 488 ரஜப் (1095 ஜூலை) முதல் ஏறத்தாழ ஆறு திங்கள் அவ்வேதனை நீடித்தது. ஒருநாள் பாடம் சொல்ல முயன்றபோது நாவு எழவில்லை. ஒரு சொல்லும் வெளிவராது போயிற்று. பின்னர் உணவும் நீரும் இறங்க மறுத்தன, உடல் நலிந்தது.

வாசக நேயர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அவர்களுக்கு அருகே மருத்துவர்கள் இருந்தனர். நோய் உள்ளத்தில் தோன்றி உடலில் பரவியுள்ளது. உள்ளத்தின் கவலை தணிந்தாலன்றி மருந்தால் மட்டும் தீராது என்று அவர்கள் கணித்தனர். அக்கணிப்பை இமாமவர்கள் மறைக்கவில்லை. தம் இறுதிக் காலத்தில் எழுதிய அல்முன்கித் மினள் ளலால் என்னும் நூலில், நாவு அடைத்ததையும் பசி அற்றதையும் மருத்துவர் கைவிட்டதையும் தம் கையாலேயே எழுதி வைத்தார்கள். அதே நூலில், ஏறக்குறைய இரண்டு திங்கள் தம்மைப் பற்றியிருந்த ஐயத்தையும் நோய் என்றே குறித்தார்கள். நோயுற்றதை இழிவென்று அவர்கள் கருதவில்லை.

அல்லாஹ்விடம் இறைஞ்சியபின் மனம் துணிந்தது. மக்களுக்குப் போதிய அளவு வைத்துவிட்டு எஞ்சிய செல்வத்தை வழங்கினார்கள். 1095 நவம்பரில் பக்தாதை நீங்கினார்கள். திமிஷ்க், பைத்துல் முகத்தஸ், ஹிஜாஸ் எனப் பயணம் தொடர்ந்தது. தனிமையும் வணக்கமும் மெல்ல அவர்களைத் தேற்றின. இஹ்யாவு உலூமித்தீன் என்னும் பெருநூல் அக்காலத்தின் கனியாகும். 1106-இல் நிஷாப்பூரில் மீண்டும் பாடம் சொல்ல வந்தார்கள். 1111 டிசம்பரில் தூஸிலேயே இறையடி சேர்ந்தார்கள்.

அந்த இஹ்யாவில் ஆலிம்களுக்குரிய பாடங்கள் பல உள. மருத்துவம் கற்பதை ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்த இமாமவர்கள், ஊரில் முஸ்லிம் மருத்துவர் இல்லாதிருக்க எல்லாரும் சட்டக்கலையையே நாடுவதைக் கண்டித்தார்கள். மருந்துண்பது தவக்குலுக்கு முரணன்று எனத் தெளிவுறுத்தினார்கள். ஓதிப் பார்ப்பதை உறுதியற்ற பரிகாரங்களின் வரிசையிலும், மருத்துவரின் மருந்தை அதனினும் மேலான வரிசையிலும் வைத்தார்கள். எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் வைத்தியன் உயிர்களை மாய்ப்பதுபோல, எல்லாருக்கும் ஒரே உபதேசம் செய்யும் வழிகாட்டியும் உள்ளங்களை மாய்ப்பான் என்றும் எச்சரித்தார்கள்.

எனினும் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். பெருமை, பொறாமை போன்ற உள்ளத்துப் பிணிகள் வேறு. அறிவு கலங்கும் நோய் வேறு. முன்னதற்கு மனிதன் பொறுப்பாளி. பின்னதால் சுயநினைவு இழந்தவன் மீதோ, தெளியும்வரை தொழுகையும் நோன்பும்கூடக் கடமையில்லை. ஷரீஅத்தே சுமையை இறக்கிய ஒருவன் மீது நாம் பழியைச் சுமத்தலாமா?

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், நம் ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். துஆவை நாடி அழைத்துவரப்பட்டோர்க்கு நேர்ந்த அவலம் அது. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அடியோடு தடை செய்துள்ளது.

ஆகவே, பள்ளிவாசலை நாடிவரும் குடும்பத்தாரிடம் ஆலிம் பெருமக்கள் செய்யத்தக்கவை மூன்று: பொறுமையுடன் செவிமடுத்தல், துஆச் செய்தல், அன்றே மருத்துவரிடம் அனுப்பிவைத்தல். மருந்து தொடங்கிய பின்னும் அவ்வீட்டுக்குச் சென்று நலம் விசாரித்தால், ஊராரின் ஏச்சு தானே அடங்கும். நீங்களும் உங்கள் இல்லத்து நோயாளியை மறைக்காதீர்கள். நாவிழந்து கிடந்த ஒருவரே பின்னர் ஓர் உலகுக்கு நாவாக விளங்கினார்கள் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.