பீடமின்றி நடத்திய பெருந்தகை

கம்மாபுரத்திலிருந்து வடகிழக்கே சென்றால் நெய்வேலியைக் கடந்ததும் வடலூர். அவ்வழியே கடலூர் செல்லும் நம்மவர் பலர் சத்திய ஞான சபையை வெளியே நின்று கண்டு திரும்புவதோடு சரி. சபைக்கும் முந்தியது அங்குள்ள தருமச்சாலை. அதனை நிறுவிய இராமலிங்க அடிகளாரின் வரலாற்றில் ஒரு கூற்றை மட்டும் இவ்விதழில் எடுத்துக்கொள்கிறோம். மடத்தின் பட்டமோ, அரசாங்கப் பதவியோ, கைப்பொருளோ இல்லாத ஒருவர் பிறரைக் கொண்டு இத்துணைப் பெரும்பணியை எங்ஙனம் நடத்தினார் என்பதே நாம் அறிய விழைவது.

அடிகளார் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, சென்னையில் தமையனார் சபாபதியின் ஆதரவில் வளர்ந்தார். 1858 அளவில் தென்னார்க்காட்டுப் பகுதிக்கு மீண்டு, வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். காவி உடுத்தவில்லை, உடலையும் தலையையும் போர்த்திய வெள்ளாடையே அவர் கோலம்.

அவருடைய பாடல்களை அச்சேற்ற விரும்பிய அன்பர்களுள் இறுக்கம் இரத்தின முதலியார், அவை கைக்கு வரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதென உறுதி பூண்டார். செய்தி அறிந்த அடிகளார் வருந்தி, நோன்பை விடும்படி எழுதிப் பாடல்களுக்கும் இசைவளித்தார். ஆயின், தம் பெயரோடு சுவாமி என்னும் சொல் சேர்வதை அவர் விரும்பவில்லை. அஃது ஆரவாரமாகத் தோன்றுவதாகக் கூறி விலக்கினார். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்த நூலோ அவரை அருட்பிரகாச வள்ளலார் என்று அறிவித்தே வெளிவந்தது. திருவருட்பா, திருமுறை என்னும் பெயர்களை ஆறுமுக நாவலர் மறுக்க, பூசல் வளர்ந்து மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. கட்டளையிடும் உரிமை இல்லாதவரிடம் அன்பு மேலிட்ட அடியவர், அவர் வேண்டாததையும் செய்துவிடுவர் போலும்!

தருமச்சாலைக்குரிய நிலத்தை அவர் விலைகொடுத்து வாங்கவில்லை. பார்வதிபுரத்துக் குடிகள் ஒன்றுகூடிச் சுமார் 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். 1867 மே 23ஆம் நாள் அடிகளார் அங்கு 21 அடி நீள அடுப்பை மூட்டினார். அரிசியும் விறகும் அன்பர்கள் தந்தவை. சமைத்தவரும் பரிமாறியவரும் விருப்பத்தால் வந்தவர்கள். கூலிக்கு வந்தவரை அதட்டி வேலை வாங்கலாம். தாமே வந்தவரை அவ்வாறு செய்ய இயலாது. பலர் கூடுமிடத்தில் மனத்தாங்கலும் எழுமன்றோ? ஆதலின், சாலையில் இருப்போர் தமக்குள் பகை பாராட்டாது, வன்சொல் வழங்காது ஒத்து நடக்க வேண்டுமென அடிகளார் எழுத்துமூலம் அறிவுறுத்தினார். அன்னதானம் பழகிய நம் குடும்பத்தார்க்கு இத்தொல்லை புதிதன்று.

கொல்லாமையை உயிரெனக் கொண்ட நாம் சிறப்பாகக் கருதவேண்டியது ஒன்றுண்டு. புலால் உண்போரை அவர் தம் நெறிக்குப் புறத்தார் என்றே வரையறுத்தார். கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. எனினும், பசியென்று வந்தால் அவர்க்கும் சோறிட வேண்டும் என்றார். சாதி, சமயம், தேசம் எதுவும் அங்கே வினவப்படவில்லை. நம்மவர் ஏலாசாரியர் அருளியதெனப் போற்றும் திருக்குறளை எளிய மக்களுக்குக் கற்பிக்கவும் அவர் ஏற்பாடு செய்தார்.

எல்லாம் கைகூடிற்று என்று எழுத நமக்கும் ஆசைதான். 1870இல் அடிகளார் மேட்டுக்குப்பம் சென்று தங்கினார். 1872 தைப்பூசத்தில் ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. அவ்வாண்டிலேயே அதற்கான விதிகளையும் வகுத்தார். அன்பர்கள் அவற்றின்படி ஒழுகவில்லை. அடுத்த ஆண்டே சபை மூடப்பட்டது. ஒருவரையும் வெளியேற்றவோ தண்டிக்கவோ அவர் முற்படவில்லை. தாமே விலகி நின்றார். தம் சொல்லை ஏற்பார் இல்லையே என்னும் வருத்தம் அவர்க்கு இருந்தது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி நெடிய உபதேசம் செய்தவர், 1874 ஜனவரி 30ஆம் நாள் அறையினுள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார்.

அதன் பின்னரும் தருமச்சாலையில் சோறு வடிப்பது நிற்கவில்லை. அன்று மூட்டிய அடுப்பு அணையாது காக்கப்படுகிறது. பொழுது சாய்ந்தபின் உண்ணாத நம் வாசகர்கள் நண்பகற் பந்திக்கே சென்று அமரலாம்.