டார்வின் இழந்த இன்பம்

ஆசிரியத் தொழிலில் மூழ்கிய என் மனம், சில ஆண்டுகளாகப் பாடநூல்களன்றி வேறெதையும் நாடுவதில்லை. அண்மையிற் சாள்ஸ் டார்வினின் வரலாற்றைப் படித்தபோது அச்சம் பிறந்தது.

1809இல் பிறந்த அவர், 1831இல் பீகிள் கப்பலேறியபோது லையலின் புவிச்சரிதவியல் நூலோடு மில்ற்றனின் காவியத்தையும் கொண்டுசென்றார். 1838இல் மால்தசின் குடித்தொகை பற்றிய நூலைப் படித்தார். அது இயற்கைத் தேர்வுக் கொள்கைக்கு வித்தாயிற்று. 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது.

ஆயினும், முதுமையிலே கவிதை அவருக்குக் கசந்தது. பிறர் வாசித்துக் காட்டிய நாவல்களே ஆறுதலளித்தன. அவையும் இன்பமாக முடிதல் வேண்டும். மீண்டும் வாழ வாய்த்தால் வாரந்தோறும் சிறிதேனும் கவிதை படிக்கலாமே என, 1876இல் எழுதிய தன்வரலாற்றில் ஏங்கினார். 1882இல் மறைந்தார்.

எனக்கு இன்னும் வாரங்கள் எஞ்சியுள்ளன. நேற்றிரவு அலுமாரியிலிருந்து கம்பனை எடுத்துத் தூசி தட்டினேன்.