எட்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நற்செய்தி

பண்டிதை ரமாபாய் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் கங்கமூலா வனத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்ற வழக்கத்தை மீறித் தம் மனைவிக்குக் கற்பித்தவர். அந்தத் தாயிடமே ரமாபாய் பாடம் கேட்டார். குடும்பம் கோயில் கோயிலாகச் சென்று புராணம் வாசித்து வாழ்ந்தது. 1870-களின் பஞ்சத்தில் தாயும் தந்தையும் தமக்கையும் அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய அண்ணனோடு கால்நடையாகவே நாட்டைச் சுற்றி, 1878-இல் கல்கத்தா சேர்ந்தார். அங்குள்ள அறிஞர்கள் அவருடைய புலமையைக் கண்டு பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை அளித்தனர்.

அண்ணனும் மறைந்தார். 1880-இல் விபின் பிஹாரி என்னும் வழக்கறிஞரைச் சாதி மறுத்து மணந்தார். அசாமிலுள்ள சில்ச்சரில், கணவரின் புத்தகங்களுக்கிடையே வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. 1882-இல் காலரா நோய் கணவரைக் கொண்டுபோயிற்று. மடியிலே மகள் மனோரமா.

மறு ஆண்டு இங்கிலாந்து சென்றவர், வான்டேஜ் என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். அவர்கள் லண்டன் ஃபுல்ஹாமில் நடத்திய இல்லத்தில், சமுதாயம் தள்ளிவிட்ட பெண்கள் அன்போடு நடத்தப்பட்டுப் புதுவாழ்வு பெறுவதைக் கண்டார். யோவான் 4-ஆம் அதிகாரத்துச் சமாரியப் பெண்ணின் வரலாறு அவர் உள்ளத்தைத் தொட்டது. 1883 செப்டம்பர் 29 அன்று மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

பல வாழ்க்கை வரலாறுகள் இந்த இடத்திலேயே மனமாற்றம் முடிந்ததாக எழுதிவிடுகின்றன. ரமாபாய் தம் சாட்சியில் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீரும் சடங்கும் பாவத்தைப் போக்கிவிட்டதாக அன்று அவர் நம்பினார். சிறிது காலம் ஆறுதலும் இருந்தது. பின்பு பாவபாரம் திரும்பி வந்து அழுத்தியது. திரித்துவத்தைப் பற்றியும், திருச்சபையின் அதிகாரத்தைப் பற்றியும் மடத்துச் சகோதரிகளோடு கடிதங்களில் வாதாடினார். வாதத்தில் எளிதில் தோற்கிறவரல்லர். ஆனால் தமக்குக் கிறிஸ்தவ மதம் கிடைத்ததேயன்றி அதன் ஜீவனாகிய கிறிஸ்து கிடைக்கவில்லை என்பதைப் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். அப்படி எழுதத் துணிவு வேண்டும். அப்போது அவர் உலகறிந்த கிறிஸ்தவப் பெண்மணி.

1889-இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனம் தொடங்கி, அடுத்த ஆண்டு அதைப் பூனாவுக்கு மாற்றினார். இக்காலத்தில் வில்லியம் ஹாஸ்லம் என்னும் ஆங்கிலேயக் குருவின் சரிதையை வாசித்தார். அந்தக் குருவோ பல ஆண்டுகள் பிரசங்க பீடத்தில் நின்றபின், 1851-இல் தாம் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோதே மனந்திரும்பியவர்! அவ்வரலாறு ரமாபாய்க்குக் கண்ணாடியாயிற்று. 1891-இல் தம் வித்தையையும் நற்கிரியையையும் நம்புவதை விட்டு, பாவிக்காக மரித்த கிறிஸ்துவையே பற்றிக்கொண்டார். சுவிசேஷம் என்பது கைக்கொள்ளவேண்டிய மற்றுமொரு ஆசாரம் அன்று, செய்து முடிக்கப்பட்ட இரட்சிப்பின் அறிவிப்பு என்பது அன்றுதான் அவருக்கு விளங்கியது.

சதனத்தில் மதபோதனை கட்டாயமில்லை. ஆயினும் அவர் மகளோடு ஜெபிக்கும்போது அறைக்கதவைச் சாத்துவதில்லை. தாமாக வந்து அமர்ந்த பெண்கள் பெருகினர். 1893-இல் பூனா நகரம் கொதித்தது. ஆலோசனைக் குழுவிலிருந்த ரானடே, பண்டார்கர் முதலியோர் விலகினர். பெற்றோர் பலர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். கதவு மட்டும் சாத்தப்படவில்லை.

1896-இன் பஞ்சத்தில் மத்திய மாகாணங்களிலிருந்து பட்டினிச் சிறுமிகளைத் திரட்டிக் கேட்காவுன் நிலத்திற்குக் கொண்டுவந்தார். தாமே பஞ்சத்தில் அநாதையானவர் அல்லவா! அங்கே எழுந்த முக்தி இல்லத்தில், குஜராத் பஞ்சத்திற்குப்பின் ஏறத்தாழ 1,900 பேர் உண்டனர்.

முதுமையில் எபிரெயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமம் முழுவதையும் மராத்தியில் பெயர்த்தார். சமஸ்கிருதக் கடலில் நீந்திய அந்தப் பண்டிதை, கிராமத்துப் பெண்ணுக்கும் புரியவேண்டுமென்று எளிய பேச்சுமொழியையே தேர்ந்தார். 1921-இல் மனோரமா இறந்தார். அந்தத் துக்கத்திலும் பணியை விடாமல் முடித்து, 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் கண்மூடினார். அந்த வேதாகமத்தை முக்தி இல்லத்தின் அச்சகமே அச்சிட்டது.