ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்தவரும் ஓர் இந்திய வம்சாவளி வழக்கறிஞரும்

கனடாவின் டொரண்டோ நகரில், யங் வீதியிலுள்ள ரெஃபரன்ஸ் நூலகத்தில், பிரிட்டிஷ் எழுத்தாளர் ஒருவருக்கென்றே தனித் தொகுப்பு ஒன்று பேணப்பட்டு வருகிறது. ஷெர்லக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலின் நூல்களும் அவை தொடர்பான ஆவணங்களும் அடங்கிய இத்தொகுப்பு 1971ஆம் ஆண்டு வாசகர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

மறு ஆண்டே அந்நகரின் வாசகர்கள் ஒரு சங்கம் அமைத்து, அதற்கு டொரண்டோ காலணித் தொழிலாளர்கள் என்று பெயரிட்டனர். டாயிலின் பாஸ்கர்வில் வேட்டை நாய் நாவலில், கனடாவிலிருந்து திரும்பிய வாரிசு ஒருவரின் தொலைந்த காலணி சதுப்பு நிலத்தில் கிடைக்கிறது. அதனுள் டொரண்டோவைச் சேர்ந்த மேயர்ஸ் என்ற காலணி தயாரிப்பாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சங்கத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

25 பவுண்டுக்கு விற்ற கதை

டாயில் 1859ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். தந்தையின் குடிப்பழக்கத்தால் குடும்பம் வறுமையில் வாடியது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது, ஜோசப் பெல் என்ற ஆசிரியர், நோயாளியின் நடையையும் கைகளையும் பார்த்தே அவரது தொழிலைக் கணித்துவிடுவதைக் கண்டார். ஹோம்ஸின் வார்ப்பு அவரிடமிருந்தே கிடைத்தது.

ஹோம்ஸ் தோன்றும் முதல் நாவலின் உரிமையை டாயில் 25 பவுண்டுக்கு விற்றார். அது 1887ஆம் ஆண்டு வெளியானது. 1891ஆம் ஆண்டு முதல் ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் வந்த சிறுகதைகள் அவருக்குப் பெரும் புகழ் தேடித்தந்தன. ஆயினும் வரலாற்று நாவல்களே தமது உயர்ந்த படைப்புகள் என்று அவர் கருதினார். 1893ஆம் ஆண்டு ஹோம்ஸைக் கதையில் சாகடித்தார். மறு ஆண்டு வட அமெரிக்காவில் சொற்பொழிவாற்றச் சென்றபோது டொரண்டோவுக்கும் வந்தார். வாசகர்கள் ஹோம்ஸைக் கைவிடாததால், 1903ஆம் ஆண்டு டாயில் அவரை உயிரோடு திரும்பிவரச் செய்ய நேர்ந்தது.

கண் பார்வை சொன்ன சாட்சி

அதே 1903ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷையர் பகுதியில் கிரேட் வைர்லி என்ற கிராமத்தில் இரவு வேளைகளில் குதிரைகளும் மாடுகளும் வெட்டிச் சிதைக்கப்பட்டன. பம்பாயிலிருந்து வந்த பார்சி வம்சாவளி பாதிரியார் ஒருவரின் மகனும் வழக்கறிஞருமான ஜார்ஜ் எடல்ஜி மீது பழி விழுந்தது. அதற்கு முன்பே பல ஆண்டுகளாக அக்குடும்பத்துக்கு வசைக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. எடல்ஜிக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் விடுவிக்கப்பட்டபோதிலும், குற்றவாளி என்ற பெயர் நீங்கவில்லை. தொழில் செய்யவும் வழியில்லை.

அவரைச் சந்திக்க லண்டன் விடுதியொன்றுக்குச் சென்ற டாயில், எடல்ஜி நாளிதழைக் கண்ணோடு ஒட்டியதுபோல் பிடித்துப் படிப்பதைத் தொலைவிலிருந்தே கவனித்தார். கண் மருத்துவமும் பயின்றிருந்த டாயிலுக்கு, இத்தகைய பார்வையுள்ள ஒருவர் இருளில் ரயில் பாதையையும் வயல்களையும் கடந்து சென்று இக்குற்றத்தைச் செய்திருக்க முடியும் என்பது நம்பத்தகாததாகத் தோன்றியது. 1907ஆம் ஆண்டு டெய்லி டெலிகிராஃப் நாளிதழில் அவர் எழுதிய கட்டுரைகள் நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பின. அரசு எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கியது. ஆனால் இழப்பீடு தர மறுத்துவிட்டது. எடல்ஜி மீண்டும் வழக்கறிஞராகப் பணியாற்ற அனுமதிக்கப்பட்டார். இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்க அவ்வாண்டு சட்டம் இயற்றப்பட்டதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம்.

முரண்பாடுகள்

இதே டாயில்தான் 1890ஆம் ஆண்டு வெளியான நால்வரின் அடையாளம் நாவலில், அந்தமான் பழங்குடி மனிதர் ஒருவரைக் கொடிய விலங்கைப்போல் சித்தரித்தவர். கதையில் அந்நியரின் தோற்றமே அச்சமூட்டப் பயன்பட்டது. எடல்ஜி விவகாரத்திலோ, அந்நியர் என்பதாலேயே ஒருவர் மீது சந்தேகம் விழுவதை டாயில் எதிர்த்து நின்றார். முதுமையில், ஆதாரமே உயிர் என்று கருதிய ஹோம்ஸுக்கு மாறாக, ஆவியுலகத்தையும் தேவதைகளின் புகைப்படங்களையும் அவர் நம்பினார். 1930ஆம் ஆண்டு தமது 71ஆவது வயதில் காலமானார்.

துப்பறியும் கதைகளைத் தரம் குறைந்தவையாகக் கருதும் போக்கு தமிழிலும் நெடுங்காலம் நிலவியது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரைத் திரளான வாசகர்கள் படித்தபோதிலும், இலக்கிய வரலாற்றில் அவர்களுக்குக் கிடைத்த இடம் சிறிதே. எழுதியவரே குறைத்து மதிப்பிட்ட கதைகளை டொரண்டோவில் ஒரு பொது நூலகம் பொறுப்புடன் காத்து வருவது இங்கே கவனிக்கத்தக்கது.

புலம்பெயர்ந்த தமிழர்கள் பெருமளவில் வாழும் நகரம் டொரண்டோ. அங்கு இன்று புதிய குற்றப் புனைவு ஒன்றைக் கையிலெடுப்பவர், கதை விறுவிறுப்பாகச் செல்கிறதா என்பதோடு இன்னொன்றையும் கவனிக்கலாம். கதையில் சந்தேகம் யார் மீது முதலில் விழுகிறது, அதற்குக் காரணம் தடயமா அல்லது அவரது பெயரும் நிறமுமா என்பதே அது. எடல்ஜியின் வாழ்க்கையே அந்தக் கேள்விக்கான விடையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.