நைட்டிங்கேல் அம்மையாரும் நர்ஸ் பதிவேடும்



ஆஸ்பத்திரியில் நமக்கு ஊசி போடும் நர்ஸ் முறைப்படி படித்து, பரீட்சையில் தேறி, பதிவேட்டில் பெயர் பதிந்தவர் என்று நம்பியே கையை நீட்டுகிறோம். அந்தப் படிப்புக்கு வழிகாட்டிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே அந்தப் பதிவேட்டை எதிர்த்தவர் என்றால் நம்புவீர்களோ?

1820-ம் ஆண்டு செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அக்கால இங்கிலாந்தில் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்குக் கண்ணியமில்லை. ஆகவே வீட்டார் தடுத்தனர். ஆயினும் 1854-ல், கிரீமியா யுத்தத்தில் காயம்பட்டோரைக் கவனிக்க 38 பெண்களோடு ஸ்குட்டாரிக்குப் போனார். அவர்களில் பத்துப்பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

1860-ல் லண்டன் அர்ச். தோமையார் ஆஸ்பத்திரியில் அவரது பயிற்சிப் பள்ளி தோன்றியது. பயிற்சி ஓராண்டு. மாணவியின் வேலைத்திறமை மட்டுமா? நேரந்தவறாமை, அமைதி, சுத்தம், நம்பத்தக்க நடத்தை எல்லாம் மாதந்தோறும் ஏட்டில் குறிக்கப்பட்டன.

1887 முதல் எதெல் பென்விக் அம்மையாரும் அவரைச் சேர்ந்தவர்களும் மூன்றாண்டுப் பயிற்சியும், அதன்பின் பெயர்ப் பதிவும் வேண்டுமென்று கிளர்ச்சி செய்தனர். முதுமையிலிருந்த நைட்டிங்கேல் இணங்கவில்லை. பரீட்சை அறிவை அளக்கும். குணத்தை அளக்குமா என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் முன்பின் அறியாத நர்ஸிடம் உயிரை ஒப்படைக்கும் ஏழை நோயாளி எதைப் பார்த்து நம்புவான்?

1910-ல் நைட்டிங்கேல் காலமானார். 1919-ல் பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1921-ல் திறந்த பதிவேட்டில் முதலாம் எண் பென்விக் அம்மையாருக்குக் கிடைத்தது.