கொடுமுடி கோகிலம்

திரைப்படத்தில் சில நிமிடங்கள் மட்டும் தோன்றி, ஒரு பாட்டைப் பாடிவிட்டுச் செல்லும் கலைஞர்கள் பலர் உண்டு. படம் முடிந்து வீடு திரும்பும்போது அவர்களைப் பெரும்பாலோர் மறந்துவிடுவர். ஆனால், கதாநாயகனும் கதாநாயகியும் ஒருபுறம் இருக்க, அந்தச் சில நிமிடப் பாட்டே தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்ட வரலாறும் தமிழ்த் திரையில் உண்டு. அதற்குச் சொந்தக்காரர் கே.பி. சுந்தராம்பாள். அவர் நடித்த படங்கள் மிகச் சிலவே. ஆயினும், காவிரிக் கரையில் எழுந்த அவருடைய குரல் கடல் கடந்து, மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டங்கள் வரை வந்து சேர்ந்தது. குறைவாகவே தோன்றிய ஒருவர் இவ்வளவு தூரம் சென்றடைந்தது எவ்வாறு என்பதை அவருடைய வாழ்க்கை விளக்குகிறது.

தமிழ்நாட்டில் இன்றைய ஈரோடு மாவட்டத்தில், காவிரி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் கொடுமுடி. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். அவர் பெயருக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றொன்று தாயார் பாலாம்பாளையும் குறிக்கும். இளமையிலேயே தந்தையை இழந்த குடும்பம் வறுமையில் வாடியது. பிள்ளைகளைக் காப்பாற்றத் தாயார் பெரும்பாடு பட்டார். சிறுமி சுந்தராம்பாளிடம் இருந்த ஒரே செல்வம் அவருடைய குரல்தான். ரயில் பயணிகளிடையே பாடிக் கிடைத்த காசைக் கொண்டு அவர் குடும்பத்துக்கு உதவினார். அக்குரலைக் கேட்டு வியந்தவர்களின் துணையால் அவருக்கு நாடக மேடையின் கதவு திறந்தது.

அந்தக் காலத்து நாடகக் குழுக்களில் சிறுமிகள் ஆண்பிள்ளை வேடம் போடுவதும் உண்டு. சுந்தராம்பாளுக்கு முதலில் கிடைத்தவையும் அத்தகைய வேடங்களே. பஞ்சத்தால் பிள்ளைகளோடு அலையும் தாயின் கதையான நல்லதங்காள் நாடகத்தில், பசியால் துடிக்கும் மூத்த மகனாக அவர் பாடி நடித்தார். மேடையில் நின்ற அச்சிறுமிக்குப் பசி புதிதன்று. ஆகவே, அப்பாட்டு அரங்கில் இருந்தவர்களைக் கண்கலங்கச் செய்ததில் வியப்பில்லை.

விரைவில் அவர் இலங்கைக்குச் சென்றார். கொழும்பில் அவருடைய நாடகங்களுக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. அக்காலத்தில் ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை புகழ்பெற்றிருந்தது. அதில் நடிப்பவர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்கமாட்டார்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பட்டு, ஓர் இரவு மட்டும் ஒரே மேடையில் கூடுவார்கள். ஒத்திகை பெரும்பாலும் இராது. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம் போன்ற நாடகங்கள் அனைவருக்கும் மனப்பாடமாக இருக்கும். எதிரில் நிற்பவர் பாடுவதைக் கூர்ந்து கேட்டு, அந்த இடத்திலேயே அதற்கு ஏற்ற மறுமொழியைப் பாட்டாகத் தரவேண்டும். ஒலிபெருக்கியும் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கவேண்டும். விருந்தினராக வந்து, ஒரே இரவில் முழு அரங்கையும் தம் வசப்படுத்தும் இந்தப் பயிற்சியே பிற்காலத்தில் திரையில் அவருக்குக் கைகொடுத்தது.

1926ஆம் ஆண்டு இலங்கையில் சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பா, உச்சத்தில் சஞ்சரிக்கும் தம் குரலால் தமிழ் நாடக உலகில் முன்னணியில் நின்றவர். இருவரும் சேர்ந்து நடித்த நாடகங்களைக் காணக் கூட்டம் அலைமோதியது. ஒருவர் பாட்டை மற்றொருவர் மிஞ்சுவதைக் கேட்பதற்காகவே மக்கள் விடிய விடியக் காத்திருந்தனர். மேடையில் இணைந்தவர்கள் வாழ்க்கையிலும் இணைந்தனர். ஆனால், அந்த வாழ்வு நீடிக்கவில்லை. இடையில் பிரிவு நேர்ந்தது. உடல்நலம் குன்றிய கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27 வயதிலேயே மறைந்தார்.

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. புகழின் உச்சியில் இருந்த அந்த இளம்பெண் வெள்ளைச் சேலையும் திருநீறுமாகத் துறவுக் கோலம் பூண்டார். இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். நாடக உலகம் காதல் கதைகளையே பெரிதும் நம்பியிருந்த காலம் அது. காதலனும் காதலியும் இல்லாமல் ஒரு நடிகை எப்படிப் பிழைக்க முடியும்? தம் தொழிலின் முதன்மையான வாயிலை அவர் தாமே மூடிக்கொண்டார் என்றே பலரும் எண்ணினர். சில காலம் அவர் மேடையை விட்டும் ஒதுங்கியிருந்தார்.

ஆனால், அவருடைய குரலை நாடு ஒதுங்கியிருக்க விடவில்லை. கிட்டப்பா இருந்த காலத்திலேயே அவர் விடுதலை இயக்கத்துக்காகப் பாடத் தொடங்கியிருந்தார். காந்தியடிகளின் எளிய வாழ்வைப் போற்றும் பாட்டை அவர் கிராமபோன் இசைத்தட்டில் பாடினார். 1931ஆம் ஆண்டு மோதிலால் நேரு மறைந்தபோது இரங்கற்பாட்டு ஒன்றையும் இசைத்தட்டாக அளித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுந்திருந்த நாளில், செய்தித்தாள் செல்லாத இடத்துக்கும் இசைத்தட்டு சென்றது. யாரோ ஒருவர் வீட்டில் ஒலிக்கும் கிராமபோனைச் சுற்றி ஊரே கூடி, தலைவர்களைப் பற்றி அறிந்துகொண்டது. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் சுந்தராம்பாள் மீண்டும் பொதுவாழ்வுக்கு வந்து, காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார். பேச்சைக் கேட்க வராதவர்களும் அவர் பாட்டைக் கேட்க வந்தனர். காந்தியடிகள் கொடுமுடிக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு படைத்த அவர், பின்னர் அத்தட்டையும் நாட்டுப் பணிக்கே வழங்கினார் என்று கூறப்படுகிறது.

திரையுலகமும் அவரை நாடியது. பக்த நந்தனார் படத்தில் நடிக்குமாறு வேண்டியவர்களைத் தவிர்க்க எண்ணி, அவர் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கேட்டதாகவும், தயாரிப்பாளர் தயங்காமல் ஒப்புக்கொண்டதாகவும் சொல்லப்படுகிறது. அந்நாளில் அது எவரும் கனவிலும் எண்ணாத தொகை. 1935ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். பண்ணையில் கூலியாக உழைத்து, சிதம்பரம் சென்று இறைவனைக் காண ஏங்கிய நந்தனாராக அவர் நடித்தார். இணையாக நடிப்பதில்லை என்ற உறுதிக்கும் பங்கம் வரவில்லை.

அடுத்தடுத்து அவர் ஏற்ற வேடங்களை நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். 1940ஆம் ஆண்டு அவர் மணிமேகலையாக நடித்தார். மணிமேகலை, இளமையையும் இன்பத்தையும் விட்டுப் பசிப்பிணி தீர்க்கப் புறப்பட்டவள். 1953ஆம் ஆண்டு ஜெமினி ஸ்டுடியோ அதிபர் எஸ்.எஸ். வாசன் தயாரித்த படத்தில் அவர் ஔவையாராக நடித்தார். ஔவையார், திருமணத்தைத் தவிர்க்க முதுமையைக் கேட்டுப் பெற்றவர் என்பது மரபுக் கதை. பிற்காலத்தில் அவர் ஏற்ற காரைக்கால் அம்மையார், அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டியவர். இவர்கள் எல்லாரும் வாழ்வின் ஒரு பகுதியைத் துறந்து, அதற்கு ஈடாக ஒரு பெரும் பணியை ஏற்றவர்கள். சுந்தராம்பாள் அவர்களாக நடித்தபோது தம்மையே பாடினார் எனலாம். தம் தொழிலுக்கு முட்டுக்கட்டை எனக் கருதப்பட்ட உறுதியே, வேறு எவராலும் ஏற்க இயலாத வேடங்களை அவருக்குத் தந்தது. ஔவையார் படத்துக்குப் பின், ஔவை என்றாலே சுந்தராம்பாளின் முகமே மக்கள் மனத்தில் தோன்றலாயிற்று.

1960களில் தமிழ்த் திரை முற்றிலும் மாறியிருந்தது. நடிப்பவர் ஒருவர், பின்னணியில் பாடுபவர் மற்றொருவர் என்பது நிலைபெற்றுவிட்டது. தாமே பாடி நடிக்கும் தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அந்நேரத்தில்தான் சுந்தராம்பாள் பிறருடைய படங்களுக்கு விருந்தினரைப்போல வரத் தொடங்கினார். 1964ஆம் ஆண்டு வெளிவந்த பூம்புகார் படத்தில், கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் கவுந்தியடிகளாகத் தோன்றினார். அப்படத்துக்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. அரசியலிலும் சமயக் கருத்திலும் இருவரும் வெவ்வேறு பாதையில் சென்றவர்கள். ஒரு பாட்டில் தெய்வத்தின் இருப்பையே ஐயுறுவது போன்ற வரி வந்தபோது, அதைப் பாட சுந்தராம்பாள் மறுத்தார் என்றும், கருணாநிதி அவருடைய நம்பிக்கையை மதித்து அவ்வரியை மாற்றினார் என்றும் கூறுவர். கருத்து வேறுபட்டோரும் ஒருவரையொருவர் மதித்துச் சேர்ந்து பணியாற்ற முடியும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாக உள்ளது.

மறு ஆண்டு, 1965இல், ஏ.பி. நாகராஜன் இயக்கிய திருவிளையாடல் வெளிவந்தது. சிவாஜி கணேசன், சாவித்திரி, நாகேஷ் எனப் பெரும் நட்சத்திரங்கள் நடித்த படம் அது. டி.எம். சௌந்தரராஜன், பாலமுரளிகிருஷ்ணா, பி. சுசிலா போன்ற தேர்ந்த பாடகர்கள் கே.வி. மகாதேவனின் இசையில் பாடியிருந்தனர். இத்தனை பேருக்கு நடுவில், ஞானப்பழம் கிடைக்காமல் சினந்து பழனிமலைக்குச் சென்ற முருகனை அமைதிப்படுத்தும் ஔவையாராகச் சில காட்சிகளில் மட்டும் சுந்தராம்பாள் வருகிறார். அப்போது அவருக்கு வயது 56. கோபம் கொண்ட குழந்தையைக் கெஞ்சும் பாட்டியின் கனிவும், இறைவனைத் தொழும் அடியவரின் உருக்கமும் அந்த ஒரே குரலில் கலந்திருந்தன. ஒலிவாங்கியை நம்பாத காலத்து மேடைக் குரல் அது. சொல் ஒவ்வொன்றும் கல்லில் செதுக்கியதுபோல நின்றது. தொடர்ந்து மகாகவி காளிதாஸ், கந்தன் கருணை முதலிய படங்களிலும் அவர் இவ்வாறே பங்களித்தார். சிறிய வேடம் என்று அவர் எதையும் குறைத்துப் பாடவில்லை. ஓர் இரவு நாடகத்துக்குத் தந்த முழு உழைப்பையும் ஒரு பாட்டுக்குத் தந்தார்.

அந்தப் பாட்டுகள் இசைத்தட்டு, வானொலி, திரைப்படச் சுருள் எனப் பல வழிகளில் மலேசியாவுக்கும் வந்தன. சிலாங்கூர் மாநிலத்தின் வட பகுதியில், கோல சிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தாய் அமைந்துள்ளது. இன்று அதன் பெயர் பெஸ்தாரி ஜெயா. அதைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்களும் பின்னர் செம்பனைத் தோட்டங்களும் பரந்திருந்தன. விடியுமுன் பிரட்டுக் களத்தில் கூடி, பால்மரம் சீவச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களுக்குத் தோட்டத்துக் கோயிலே விழாக் களம்; தோட்டத்துத் திடலே திரையரங்கு. திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டும் இரவுகளில் பாயும் சாக்கும் விரித்து, லயமே திரண்டு அமர்ந்திருக்கும். திருவிழா நாளில் கோயில் ஒலிபெருக்கியில் எழும் பக்திப் பாடல்களில் சுந்தராம்பாளின் முருகன் பாட்டும் ஒன்றாக இருக்கும். பத்துமலைக்குக் காவடி எடுக்க விரதம் இருப்பவர்களுக்கு, சினந்து நின்ற முருகனும் அவனைத் தேடிவந்த ஔவையும் அயலவர்கள் அல்லர். பிறந்த ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு, கோபித்துச் சென்ற பிள்ளையைத் திரும்ப அழைக்கும் அக்குரல் தம் வீட்டுப் பாட்டியின் குரலாகவே ஒலித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துத் தாமான்களில் குடியேறிய பின்னும் அப்பாட்டு அவர்களோடு இடம் பெயர்ந்தது.

அவருடைய பணிக்குப் பல சிறப்புகள் வந்து சேர்ந்தன. சென்னை மாநிலச் சட்டமன்ற மேலவையில் அவர் உறுப்பினராக அமர்ந்தார். இந்தியாவில் சட்டமன்றத்துள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் என அவரைக் குறிப்பிடுவர். 1969ஆம் ஆண்டு வெளிவந்த துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். இந்திய அரசு 1970ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமி, நாட்டின் உயரிய விருதுகளில் ஒன்றைப் பெறும் நிலைக்கு உயர்ந்தார். 1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார். கிட்டப்பா மறைந்து ஏறத்தாழ 47 ஆண்டுகள் கழிந்திருந்தன. அத்தனை ஆண்டுகளும் வெள்ளைச் சேலையும் மாறவில்லை; ஏற்ற உறுதியும் தளரவில்லை.

கொடுமுடி கோகிலம் என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். எவ்வளவு நேரம் மேடையில் நின்றோம், எத்தனை படங்களில் நடித்தோம் என்பதைக் கொண்டு கலைஞரின் பெருமையை அளக்க முடியாது. வாய்த்தது ஒரு பாட்டே ஆனாலும், அதில் தம் வாழ்வு முழுவதையும் வைத்துப் பாடியவர் கே.பி. சுந்தராம்பாள். கொள்கையை விட்டுக்கொடுக்காமலும் உயர முடியும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று.